நாற்பத்தோராம் பக்கம்

விஜயரத்தினத்தின் வலக்கையில் நடுவிரலும் மோதிரவிரலும் காலை ஆறரைக்கே எரியத் தொடங்கிவிட்டன. குளிரில் அவை நோவதில்லை. மரத்துப்போய்ச் சும்மா கிடக்கும். சூடு பட்டால்தான் சன்னதம் ஆடும். தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தால், நெரிசலான ரயிலுக்குள் நின்றால், நகத்துக்கு அடியால் யாரோ ஊசியைக் காய்ச்சி ஏற்றுகிற மாதிரி இருக்கும். ஐந்து வருடமாக இதே கூத்து. நரம்பு செத்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். செத்த நரம்பு எப்படி நோகும் என்று இவர் கேட்டபோது டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்தக் கையோடுதான் அன்று பேர்லினின் நொய்கெல்ன் பகுதியிலிருந்து சுரங்க ரயிலில், பதினெட்டுக் கிலோ கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு மாநாட்டு மண்டபத்துக்குப் போனார். வாகனம் கேட்டிருக்கலாம். கேட்பதானால் மூன்று கிழமைக்கு முன்னமே விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கேபிளைக் கொண்டுவரச் சொன்னதே முந்தநாள்தான்.

விஜயரத்தினத்துக்கு ஐம்பத்துநாலு வயது. துருவ ஆய்வு நிறுவனம் ஒன்றில் இருபது வருடமாகத் தொழில்நுட்பவியலாளர். பெயர்தான் நீளம். வேலை, உறைந்த நிலத்தில் துளை போடுவது, துளைக்குள் கேபிள் இறக்குவது, உடைந்த துளைகருவியைப் பனியில் மல்லாந்து கிடந்து திருத்துவது. யாழ்ப்பாணத்தில் தகப்பனோடு அலவாங்கு பிடித்துக் கிணறு வெட்டினவருக்கு சைபீரியாவில் நிலம் துளைப்பது புதுத் தொழிலாகப் படவில்லை. அங்கே சுண்ணக்கல், இங்கே ஐஸ். அங்கே வேர்வை ஒழுகும், இங்கே ஒழுகுவதற்குள் உறைந்துவிடும்.

மாநாடு அந்த உறைந்த நிலத்தைப் பற்றியதுதான். வடக்கே ஆயிரக்கணக்கான வருடம் கல்லாய்க் கிடந்த மண் இளகிக்கொண்டு வருகிறது. அதன்மேல் நிற்கிற வீடும் குழாயும் எண்ணெய்த் தாங்கியும் சாய்கின்றன. வடதுருவத்தைச் சுற்றியுள்ள நாடுகளும், வேடிக்கை பார்க்க அனுமதி வாங்கிய நாடுகளும் வருடத்துக்கு ஒருமுறை கூடி, எந்த ஊரில் நிலம் எப்போது கைவிடும் என்று ஒரு எச்சரிக்கைப் பட்டியல் போடுகின்றன. பட்டியல் பகிரங்கமானது. யாரும் அச்சடித்துத் தங்கள் அரசாங்கத்தின் மேசையில் கொண்டுபோய் அடிக்கலாம். ஒரு கதிரை மட்டும் இரண்டரை வருடமாக வெறுமை. ரஷ்யாவின் கதிரை. போர் தொடங்கியதும் மற்றவர்கள் அவர்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். கதைப்பதை நிறுத்தினால் மண்ணும் இளகுவதை நிறுத்திவிடும் என்று நினைத்தார்களோ தெரியாது.

மண்டபத்தின் பக்கவாட்டில் இவருக்கு ஒரு மேசை. நீலத் தொட்டி நிறைய ஐஸ். அதற்குள் கேபிள் நுனியை வைத்து, கருவி எப்படி அளக்கிறது என்று பிரதிநிதிகளுக்குக் காட்ட வேண்டும். ஒரு ஒலிவாங்கியும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கதிரையிலும் பளபளவென்று அறிக்கை ஒன்று. ஒன்றை எடுத்தார். இவருடைய எண்கள் நாற்பத்தோராம் பக்கத்தில் என்று கூட வேலை செய்கிற சுஜானி போன கிழமை சொல்லியிருந்தாள்.

இருந்தது. அர்தாக். இருபத்தாறு வரி, வரிக்கு ஒன்பது எண். ஒவ்வொன்றையும் இவர் பேனாவால் ஒருமுறை, கணினியில் ஒருமுறை எழுதியிருக்கிறார். கலியாண அல்பத்தில் தன் முகத்தைத் தேடுகிறவர்போல விரலை வைத்துக்கொண்டு போனார். கடைசி வரிக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில், குறிப்பு நான்கு: அர்தாக் பெறுமானங்கள் கணினி மாதிரிக் கணிப்பு, நேரடி அளவீடு அல்ல.

ஐம்பத்தெட்டாம் பக்கத்துக்குத் திருப்பினார். எச்சரிக்கைப் பட்டியல். முப்பத்தொரு ஊர். அர்தாக் இல்லை.

விரல் எரிச்சல் முழங்கைவரைக்கும் ஏறியது.

அர்தாக், லேனா ஆற்றுக்கு வடக்கே நானூறு பேர் இருக்கிற ஊர். பள்ளிக்கூடத்துக்கு அறுபது மீற்றரில் டீசல் தாங்கி, எண்ணூறு தொன் கொள்ளும் இரும்புத் தொட்டி. குளிர்காலம் முழுக்க ஊரின் உயிர் அதற்குள்தான். தாங்கி நிற்கிற தூண்கள் ஆறு மீற்றருக்குத்தான் மண்ணில் இறங்கியிருக்கின்றன. தாங்கிக்குப் பக்கத்தில் துளை போட்டுக் கேபிள் இறக்கியது விஜயரத்தினம். இவரோடு நின்று போட்டது அபனாசி, ஊரின் பழைய பார ஊர்திச் சாரதி. இரண்டு பேருக்கும் பொதுவாக நூறு ரஷ்யச் சொல் தேறாது. அதில் பாதி வசவு. ஐந்து வருடத்துக்கு முன் மார்ச் மாதம், மைனஸ் முப்பத்தெட்டில், கையுறையைக் கழற்றி ஒரு ஆணியைத் திருகப்போய் இவருடைய விரல்கள் வெள்ளை மெழுகானபோது, அபனாசி தன் உடுப்பைத் திறந்து அந்தக் கையைத் தன் கக்கத்துக்குள் வைத்து முக்கால் மணிநேரம் இறுக்கிப் பிடித்திருந்தான். டொக்டர் வெட்டப் பார்த்த விரல்கள் மிஞ்சியது அந்தக் கக்கத்தால்.

அந்தக் கருவி பாகை காட்டாது. மின்தடையைக் காட்டும். நிலம் சூடாக ஆக எண் இறங்கும். முப்பத்திரண்டரைக்கு வந்தால் ஐஸ் சேறாகிறது என்று கணக்கு. இவர் வாசிக்கும்போது எண் தமிழில்தான் வாயில் வரும். ஜெர்மனில் சிந்திக்கலாம், சண்டை பிடிக்கலாம், எண்ண ஏலாது. ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று இவர் முணுமுணுப்பதை அபனாசி பிடித்துக்கொண்டான். இரண்டாம் கோடையில் கேபிள் நுனியில் நின்று அவனே கத்துவான்: "மூண்டு ஆறு புள்ளி ரெண்டு!" பத்துச் சொல்லும் ஒரு புள்ளியும். அதுதான் அவர்களுடைய பொதுமொழி.

போர் வந்து எல்லாம் நின்ற பிறகு, நாலு மாதம் கழித்து, இவருடைய கைத்தொலைபேசியில் ஒரு குரல் வந்தது. காற்றிரைச்சல். அதற்குள், "ஒண்டு. ரெண்டு ரெண்டு புள்ளி நாலு. ரெண்டு. ரெண்டு ஏழு புள்ளி ஒண்டு..." ஒன்பது ஆழமும் சொல்லி, சொன்னதையே கீழிருந்து மேலே திரும்பவும் சொல்லி முடித்தான். இவர் அப்படித்தான் பழக்கியிருந்தார், பிழை வராமலிருக்க. யாரும் கேட்கவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை, இருபத்தாறு மாதமாக, அபனாசி துளைக்குப் போனான். ஏழாவது உணரி, ஆறு மீற்றர், முப்பத்தாறு புள்ளி இரண்டில் தொடங்கி இப்போது முப்பத்துமூன்று புள்ளி எட்டில் நிற்கிறது.

விஜயரத்தினம் அறிக்கையை உருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சுஜானியைத் தேடிப் போனார்.

சுஜானி அதே நிறுவனத்தில் அறிக்கைப் பகுதி. முப்பத்தொரு வயது, ஜெர்மனியிலேயே, எஸ்ஸனில் பிறந்து வளர்ந்தவள். முதல்நாள் இவரை எப்படிக் கூப்பிடுவது என்று முழித்தபோது இவரே தீர்த்து வைத்தார்: வேலையில் அண்ணை, கோயிலில் மாமா. கோப்பி மேசையடியில் பிரதிநிதிகளின் கழுத்துப்பட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, இதை வாசி."

"வணக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. என்ன அண்ணை காலமையே—"

"வாசி எண்டுறன். குறிப்பு நாலு."

அவள் வாசிக்கவில்லை. தெரிந்த எழுத்தை யாரும் திரும்ப வாசிப்பதில்லை.

"கணினி மாதிரியாம். ஆரின்ரை மாதிரி? அபனாசி என்ன கொம்பியூட்டரோ? மைனஸ் நாப்பதிலை மூக்குச் சளி உறைய நிண்டு அளந்த மனுசன். உங்கடை கொம்பியூட்டருக்குச் சளி வருமோ?"

"கத்தாதேங்கோ. யப்பான்காரர் பாக்கினம்."

"பாக்கட்டும். பாக்கத்தானே டிக்கெட் எடுத்து வந்தவை."

அவள் இவரைச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். "இஞ்சை கேளுங்கோ. அளவீடு எண்டு போடுறதெண்டால் மூண்டு விசயம் வேணும். எந்தக் கருவி, எந்தத் திகதி, ஆர் அளந்தது. அளவீடு எண்டு இருந்தால்தான் பட்டியலிலை ஊர் ஏறும். உங்கடை ஃபைலிலை கருவி இருக்கு, திகதி இருக்கு. ஆள் இல்லை. ஆள் பேர் எழுதுற அந்தக் கொலம் முழுக்க வெறுமை. நான் மூண்டு தரம் கேட்டனான் அண்ணை. மூண்டு தரமும் 'அதை விடு பிள்ளை' எண்டு சொன்னது நீங்கள்."

அவள் சொன்னது உண்மைதான்.

ஆளின் பெயரைத் தாளில் எழுதாதே என்பதை அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. பதினெட்டு வயதில் ஊர்ச் சந்தை வெளியில் முழங்காலில் இருந்து படித்தார். ஜீப்புக்குள்ளிருந்து, காட்டிக்கொடுக்க வந்தவனின் சாக்கு மூடிய தலை ஆடியது. ஒரு ஆமிக்காரன் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பெயர் வாசித்தான். நாலு பெடியள் எழும்பிப் போனார்கள். நாலு பேரும் இன்றுவரை வீடு வரவில்லை. அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடம் அவர் எந்தப் படிவத்திலும் தன் பெயரைத் தவிர இன்னொருவன் பெயரை எழுதியதில்லை. கோயில் அன்னதானத் துண்டில்கூட 'நண்பர்கள்' என்றுதான் போடுவார். வெறுமையாக விட்ட கொலத்தால் அபனாசியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று இருபத்தாறு மாதம் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார். அந்த வெறுமைக்குள்தான் இவர்கள் ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து இருத்தியிருக்கிறார்கள்.

"ஆரின்ரை யோசனை இது?"

"எங்கடை தலைவர் ஜூலியன்தான். பேர் இல்லாட்டி அளவீடு எண்டு போட ஏலாது, ஆனா எண்ணுகள் விலைமதிக்க ஏலாத எண்ணுகள், விடவும் கூடாது எண்டார். மாதிரி எண்டு போடச் சொன்னார். டைப் பண்ணினது நான்தான்." அவள் கழுத்துப்பட்டி ஒன்றை விரலில் சுற்றினாள். "என்ரை வேலை மார்ச்சோடை முடியுது. நீட்டுறதுக்கு அவர்தான் கையெழுத்து வைக்கோணும். நீங்கள் நிரந்தரம், கத்துவியள்."

"இப்ப பேரைத் தந்தால்?"

"அந்த ஆள் ஓமெண்டவரோ? அவர் ஓமெண்டால் தாங்கோ. பத்தரைக்குத்தான் ஜூலியன் பேசுறார். அதுக்கு முதல் திருத்தம் குடுக்கலாம்."

பேர்லினில் ஒன்பதேகால். அர்தாக்கில் மாலை நாலேகால். விஜயரத்தினம் கழிப்பறைப் படியில் இருந்துகொண்டு தன்னிடமிருந்த நூறு சொல்லையும் கூட்டிக் குரல் அனுப்பினார்: அபனாசி, தாள், உன் பெயர், எழுதலாமா, ஆபத்தா?

ஏழு நிமிடத்தில் பதில் வந்தது. பின்னால் நாய் குரைத்தது. அபனாசி மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான்; இவருக்குத் தெரியாத சொற்களைக் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பு நிரப்பியது. "எழுது. தகப்பன் பெயரோடு எழுது. அபனாசி பெத்ரோவிச். நான் துளைக்குப் போவது ஊர் முழுக்கத் தெரியும், ஊர்த்தலைவரின் பனிவண்டியில்தானே போகிறேன். அவர் காகிதம் கேட்கிறார், விஜி. காகிதம் இல்லாமல் மாவட்டத்தில் தாங்கியை அசைக்கமாட்டார்களாம். பள்ளிக்கூடப் பக்கம் ஒரு தூண் நாலு விரல் தாழ்ந்துவிட்டது. நீ ஏன் இவ்வளவு நாளும் எழுதவில்லை?"

கடைசிக் கேள்வியை இவர் இரண்டாம் தரம் கேட்கவில்லை.

ஜூலியன் மேடைக்குப் பின்னால் தன் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். இவருடைய பகுதித் தலைவன், நாற்பது வயது, கெட்டவன் என்று சொல்ல முடியாது. இரண்டு தரம் அர்தாக்குக்கு வந்தவன், ஒரு தரம் குளிர் தாங்காமல் அழுதவன். அபனாசியின் வீட்டில் மான் சூப் குடித்தவன். இருவரும் ஜெர்மனில் கதைத்தார்கள்.

"விஜய், அந்த மனிதரை நாங்கள் பாதுகாக்கிறோம்."

"அவரே எழுதச் சொல்லுகிறார். இதோ குரல்."

"விளைவுகள் அவருக்குப் புரியாது."

"அறுபத்தொரு வயது. தன் ஊர் அவருக்குப் புரியாது, உங்களுக்குப் புரியுமோ? எந்தப் பக்கம் கழிப்பறை இருக்கிறதென்றே நீங்கள் அவரைத்தானே கேட்டீர்கள்."

ஜூலியன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான். "சரி, உள்ளதைச் சொல்கிறேன். அளவீடு என்று எழுதினால், தொடர்பு நிறுத்தியிருந்த காலத்தில் நாங்கள் அந்தப் பக்கத்தோடு வேலை செய்தோம் என்றாகும். மேலிடம் விளக்கம் கேட்கும். முழுத் திட்டமும் நிற்கும். முப்பத்தொரு ஊர் பட்டியலில் இருக்கிறது. ஒன்றுக்காக முப்பத்தொன்றையும் இழக்கவா?"

"அப்படியென்றால் அந்த எண்களை எடுத்துவிடுங்கள். நாற்பத்தோராம் பக்கத்தைக் கிழியுங்கள்."

ஜூலியன் தன் படங்களின் பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் அவனுடைய உரையே இல்லை. கிழக்குச் சைபீரியாவிலிருந்து இடைவெளி இல்லாத இருபத்தாறு மாதம், அந்த மண்டபத்தில் வேறு எவரிடமும் கிடையாது.

"எண் வேண்டும். ஆள் வேண்டாம்," என்றார் விஜயரத்தினம். "கிணறு வெட்டுகிறவனுக்குத் தண்ணி தராத வீட்டை நான் கண்டிருக்கிறேன். அவர்கள்கூடக் கிணற்றை மழை வெட்டியது என்று சொன்னதில்லை."

"உங்கள் மேசைக்குப் போங்கள், விஜய். தயவுசெய்து."

போனார். தொட்டியில் ஐஸ் பாதி கரைந்திருந்தது. கேபிளைக் கையில் எடுத்தபோது விரல் மரத்தது, அந்த அளவுக்கு நிம்மதி.

ஜூலியன் நன்றாகத்தான் பேசினான். அர்தாக்கின் வளைகோடு திரையில் மலைச்சரிவுபோல இறங்கியது. கேள்வி நேரத்தில் நோர்வேப் பெண் ஒருத்தி, நரைத்த தலை, ஒலிவாங்கியை இழுத்தாள். "ஆறு மீற்றரில் இது மிக வேகமான இறக்கம். மாதிரிக் கணிப்பு என்று குறிப்பு நான்கு சொல்கிறது. அளந்ததாக இருந்தால் இந்த ஊரை இன்றே பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருப்பேன். மாதிரிதானா?"

"ஆம்," என்றான் ஜூலியன். "மாதிரிதான்."

விஜயரத்தினம் மேசை ஒலிவாங்கியின் ஆளியைத் தட்டினார். கைத்தொலைபேசியை அதன் வாயில் வைத்தார். ஓகஸ்ட் மாதக் குரல்.

முதலில் காற்று வந்தது. பிறகு மண்டபத்தின் பதினாறு ஒலிபெருக்கியிலும் அபனாசி. "ஒண்டு. ரெண்டு ரெண்டு புள்ளி ஒண்டு. ரெண்டு. ரெண்டு ஆறு புள்ளி ஒம்பது. மூண்டு. மூண்டு ஒண்டு புள்ளி..."

கனடாக்காரர் ஒருவர் சிரித்தார். தலைமை தாங்கிய அம்மாள் சுத்தியலைத் தட்டி, இது என்ன, எந்த மொழி என்று கேட்டார். பார்வையாளர் வரிசையில் சேதுராமனின் தலை சடாரென்று நிமிர்ந்தது. சேதுராமன் சென்னைக்காரர், இந்தியாவிலிருந்து வந்த கடல் பொறியியலாளர். நேற்று இவரோடு தமிழில் கதைத்து அகமகிழ்ந்தவர். விஜயரத்தினம் நேரே அவரைப் பார்த்தார். சேதுராமன் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

"தமிழ்," என்றது ஒரு குரல். சுஜானி. பின்வரிசையில் எழும்பி நின்றாள், நாற்பத்தோராம் பக்கத்தை விரித்துப் பிடித்திருந்தாள். "இவை எண்கள். நான் மொழிபெயர்க்கிறேன். நீங்கள் அட்டவணையின் கடைசி வரியைப் பாருங்கள்."

விஜயரத்தினம் குரலைத் தொடக்கத்திலிருந்து போட்டார். அபனாசி தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். இருபத்திரண்டு புள்ளி ஒன்று. இருபத்தாறு புள்ளி ஒன்பது. தாள் புரளும் சத்தம். ஏழாவதுக்கு வந்தபோது, "மூண்டு மூண்டு புள்ளி எட்டு" என்ற குரலுக்கும் அவளுடைய குரலுக்கும் இடையில் நோர்வேக்காரி தானே வாய்விட்டு வாசித்தாள்: முப்பத்துமூன்று புள்ளி எட்டு. யாரும் இப்போது சிரிக்கவில்லை.

"அளந்தவர் பெயர் அபனாசி பெத்ரோவிச்," என்றார் விஜயரத்தினம் ஜெர்மனில். "கணினி இல்லை. சாரதி. இருபத்தாறு மாதம். பெயரை எழுதாமல் விட்டது என் பிழை. மாதிரி என்று எழுதியது உங்கள் பொய்."

சுத்தியல் அடித்தது. இடைவேளை, நாற்பது நிமிடம்.

நாற்பது நிமிடமும் தலைகள் ஒரு அறைக்குள் கூடின. வெளியே சேதுராமன் ஒரு சாண்ட்விச்சோடு வந்தார்.

"சார், சூப்பர் சார். கூஸ்பம்ப்ஸ் வந்துடுச்சு. சைபீரியாவுல தமிழ் நம்பர்ஸ்! ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

"நீங்கள் ஏன் எழும்பேல்லை?"

"நாங்க அப்சர்வர் சார். கூப்பிட்டாதான் பேசலாம், புரோட்டோகால் அப்படி."

"அபனாசியும் அப்சர்வர்தான் ஐயா. அவர் மைனஸ் நாப்பதிலை நிக்கிறார். நீங்கள் சாண்ட்விச்சோடை நிக்கிறியள்."

சேதுராமன் சாண்ட்விச்சைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டே போய்விட்டார்.

முடிவைத் தலைமை அம்மாள் வாசித்தார். குறிப்பு நான்கு திருத்தப்படுகிறது: உள்ளூர்வாசி ஒருவரின் அவதானிப்பு, சரிபார்க்கப்படவில்லை. சரிபார்க்கப்பட்டால் அர்தாக் பட்டியலில் சேர்க்கப்படும். சரிபார்ப்பதற்கு நிபுணர் ஒருவர் நேரில் போக வேண்டும். தொடர்பு நிறுத்தப்பட்டிருப்பதால் தற்போது யாரும் போக இயலாது. எனவே விடயம் அடுத்த செப்டெம்பர் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. நோர்வேக்காரி மட்டும் கையை உயர்த்தித் தன் எதிர்ப்பைப் பதியச் சொன்னாள். பதிந்தார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஜீப்புக்குள் ஆடிய தலைக்குச் சாக்கு மூடியிருந்தது. இவர்கள் திறந்த முகத்தோடு ஆட்டினார்கள், அவ்வளவு முன்னேற்றம்.

விஜயரத்தினத்துக்குக் கேபிளை அந்தத் தொட்டியோடு தூக்கி மேடையில் எறிய வேண்டும்போல இருந்தது. எறிந்தால் துடைக்கப்போவது ஜூலியன் இல்லை, மாடிக்கு மூன்று பேராக ஓடித் திரிகிற துப்புரவுப் பெண்கள். எறியவில்லை.

ஜூலியனை வாசலில் மறித்தார். "அடுத்த செப்டெம்பருக்கு முதல் ஒரு வசந்தம் வரும். தாங்கி அதுவரை நிற்காது. மூன்று வரிக் கடிதம். ஆறு மீற்றரில் இவ்வளவு, தூணின் ஆழம் இவ்வளவு, தாங்கியை அகற்றுங்கள். நிறுவனத்தின் தலைப்பு, உங்கள் கையெழுத்து. ஊர்த்தலைவர் மிச்சத்தைப் பார்ப்பார்."

"அந்தப் பக்கத்துக்குக் கடிதம் அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. அனுப்ப முகவரிகூட இல்லை."

"முகவரி என்னிடம் இருக்கிறது. நீங்கள் சூப் குடித்த வீடு."

ஜூலியனின் முகம் சிவந்தது. வெட்கமா கோபமா என்று இவர் ஆராயவில்லை. "திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆளணிப் பகுதிக்கு வாருங்கள்," என்றான் ஜூலியன். "இன்றைய நடத்தை பற்றி." சைக்கிள் தொப்பியை மாட்டிக்கொண்டு போனான்.

சுஜானி படிக்கட்டில் குந்தியிருந்து மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கத்து அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. ரஷ்ய மொழியில் மூன்று வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, வெறுமையாக.

"மொழிபெயர்ப்பு மெசினிலை போட்டனான். நாளைக்கு எங்கடை ரஷ்யப் பெட்டை ஒருத்தியட்டைக் காட்டித் திருத்துவம்."

"மார்ச்சுக்குப் பிறகு உன்ரை வேலை போச்சுது பிள்ளை."

"போச்சுது. அம்மாக்கு நீங்கள்தான் சொல்லோணும், கோயிலிலை, மாமாவா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "உந்தக் கோட்டிலை நீங்கள் கையெழுத்து வையுங்கோவன்."

"என்ரை கையெழுத்துக்கு மாவட்டக்காரன் தாங்கியைத் தூக்குவானோ? நான் ஆர்? கேபிள் காவுறவன்." பிறகு பேனாவை எடுத்தார். கோட்டைத் தொடவில்லை. அதற்கு மேலே, அளந்தவர் என்று எழுதி, விரல் எரிய எரிய, அபனாசி பெத்ரோவிச் என்று பெயரை முழுதாக எழுதினார். இன்னொருவன் பெயரைத் தாளில் எழுத முப்பத்தாறு வருடம் ஆகியிருந்தது.

கைத்தொலைபேசி அதிர்ந்தது. செப்டெம்பர் மாதக் குரல். அபனாசி இன்று துளைக்குப் போயிருக்கிறான். காற்று, நாய், ஒன்பது எண்கள். ஏழு. மூண்டு மூண்டு புள்ளி ஆறு. திரும்பக் கீழிருந்து மேலே. பிறகு ரஷ்ய மொழியில் ஒரு கேள்வி: "காகிதம் வந்துவிட்டதா?"

விஜயரத்தினம் படியில் இருந்து, முதல் தடவையாக ஒளிக்காமல் பதில் சொன்னார். பெயர் எழுதியாயிற்று. காகிதம் இல்லை. கேட்டேன், தரவில்லை. திங்கட்கிழமையும் கேட்பேன்.

இருபத்தேழு மாத அளவுகளை வாங்கிக்கொண்ட நிறுவனம், அர்தாக் ஊருக்குக் கையெழுத்து வைத்த எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கடன்பட்டிருக்கிறது.